கட்டிங் வேஸ்ட்

தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர்.
கலாமணி மொட்டைமாடியில்
கோலப்பொடியில் ஒரு எட்டு போட்டுவைத்தாள்.
பதினொரு நாள் அதற்குள் நடந்தேன்.
பன்னிரண்டாம் நாள் எட்டின் இடுப்பில் நின்றுவிட்டேன்.
கீழே அனுப்பர்பாளையம் விடிந்துகொண்டிருந்தது.
பாத்திரப் பட்டறைகளில் தட்டத் தொடங்கியிருந்தார்கள்,
ஒவ்வொரு தட்டலுக்கும்
என்னைக் கேட்காமல் தோள் துள்ளியது.

இருபத்திரண்டு வருடம் சாப்பர்.
தரையைச் சந்தேகப்படுவது வேலை.
குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்த்துக் குத்தி,
ஒரு சாண். அப்புறம் ஒரு சாண்.
பின்னால் வருகிறவனுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா.
நாடாவுக்கு அந்தப்புறம் பூவே பூத்திருந்தாலும்
அது நமக்கில்லை.

அப்பலநாயுடு நாடாவுக்குள்தான் நடந்தான்.
விசாரணையில் மழை என்று எழுதினார்கள்,
மண் சரிந்து இடம் மாறியிருக்கலாம் என்று.
நாடா கட்டியது நான்.

ஓய்வு பெற்றபின் ஏ.டி.எம். வாசலில் ஒரு நாற்காலி,
கோடு போட்ட சட்டை, குண்டில்லாத துப்பாக்கி.
இரவு இரண்டு மணிக்கு
பணம் எடுக்க வருகிறவர்களின் செருப்பை மட்டும் பார்ப்பேன்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு இழவுக்குப் போய்
கடைசி டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு
இட்டேரி ஒன்றில் இறங்கினேன்.
இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு வண்டி அகலம்.
அழகெல்லாம் ஒன்றுமில்லை:
குவார்ட்டர் பாட்டில், மூட்டை கட்டி வீசிய செத்த கோழிகள்,
கழுத்து உயரம் சீமைக்கருவேல்.
ஆனால் அது எட்டுப் போடவில்லை.
போய்க்கொண்டே இருந்தது.

அந்தத் தை மாதம் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஆரம்பித்தேன்,
கொடுமுடி வரைக்கும், முடிந்தவரை தார் தொடாமல்.
கையில் வி.ஏ.ஓ. ஆபீஸில் எடுத்த பழைய வரைபட நகல்கள்.
முதுகில் ஒன்பது கிலோ (முன்பு முப்பது):
பொரிகடலை, ராகி மாவு, இரண்டு ஜோடி சாக்ஸ்,
கலாமணி பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த
ஒரு பை கட்டிங் வேஸ்ட்.
வெள்ளையாகப் பொறுக்கிக் கொடுத்திருந்தாள்.
எதற்கென்று கேட்கவில்லை.

ஐந்தாம் நாள், ஊதியூர் மலை வலதுகைப் பக்கம் தெரியும்போது
காலடியில்
டிக்.

நின்றேன்.
எடையை மாற்றவில்லை. மூச்சையும்.
நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.
எவ்வளவு நேரம், தெரியாது.
வேலிச் சந்தில் ஆடுகள் வந்தன, என்னைச் சுற்றிப் பிரிந்து போயின.
பின்னால் ஒரு பெண், முப்பது வயதிருக்கும்,
ஒரு காதில் இயர்போன்.
"ஏனுங்க, முள்ளேறீருச்சா?"
ஆமாங்க என்றேன்.
இடுப்பிலிருந்து முள்வாங்கியை எடுத்துக்கொண்டு
என் எதிரே குந்தவைத்து உட்கார்ந்தாள்.
"காலத் தூக்குங்க."

தூக்கினேன்.

கீழே ஒரு சோடா மூடி.
உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு,
"முள்ளக் காணமுங்களே" என்றாள்.
"இருந்துச்சுங்க."
"அப்ப அதா உளுந்திருக்கும்" என்று
ஆட்டுக்குப் பின்னால் ஓடினாள்.

அங்கே கிளுவையில் முதல் துணியைக் கட்டினேன்.
அதற்கப்புறம் வழி பிரியும் இடத்திலெல்லாம் ஒன்று.

இப்போது மூன்றாவது வருடம்.
மாசத்தில் ஒரு ஞாயிறு பின்னால் ஆள் வருகிறார்கள்:
ஓவர்லாக் டெய்லர், கண்டக்டர், பல் டாக்டர் ஒருத்தி,
பேசாமலே நடக்கும் ஒரு காலேஜ் பையன்.
என்னை நம்பி வருகிறார்கள் என்பது
இன்னும் வயிற்றைப் பிசைகிறது.
முன்னால் போய் அரிவாளால் முள் வெட்டுகிறேன்,
துணி நனைந்து கிழிந்த இடத்தில் வேறு கட்டுகிறேன்.
சனிக்கிழமையே ஒருமுறை தனியாக நடந்து பார்த்துவிடுகிறேன்.
அதைக் கலாமணிக்கும் சொல்வதில்லை.

ராத்திரி ஸ்ரீகாகுளத்திலிருந்து போன் வரும்.
"ஆஜ் கித்னா?"
இருபத்தாறு, என்பேன்.
"எனக்கும் சேர்த்தா?"
உனக்குத் தனியாடா, என்பேன்.
சிரிப்பான். பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருப்போம்.

நோட்டில் நேற்று எழுதியது:
இட்டேரி நாலு. அடைத்தது ஒன்று, கம்பி வேலி போட்டு.
தோட்டக்காரரிடம் நகலைக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார். படலைத் திறந்துவிட்டார்.
"போங்க. ஆனாச் சாத்தீட்டுப் போங்க, மாடு வெளிய போயிரும்."
சாத்தினேன்.
துணி தீர்ந்துபோனது. கலாமணியிடம் சொல்லவேண்டும்.